கதிரேசன் வட்டம் போட்ட ஏழு இடங்கள்

தேக்கா சந்தையில் மீனை வெட்டச் சொல்லிவிட்டு நின்றபோது கதிரேசனின் மனைவி மல்லிகாவின் அழைப்பு வந்தது. "அவரு போயிட்டாருக்கா" என்றாள். மீனை அப்படியே விட்டுவிட்டு செங்காங்கில் இருக்கும் நம் குடியிருப்புக்கு ரயிலேறினேன். நம் அடுக்குமாடி புளோக்கில் கதிரேசனைத் தெரியாதவர் இல்லை. நான் அவருக்குச் செய்த தப்பு மட்டும், இதைப் படிக்கும் அக்கம்பக்கத்தார் உங்களில் யாருக்கும் தெரியாது.

ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டிங்கைச் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்து பெஞ்சில், கையடக்க விளையாட்டுக் கருவியோடு உட்கார்ந்திருப்பார். பேய் பிடித்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் உயிர் தப்பி வெளியேற வேண்டிய ஆட்டம். என் பேத்தி யாழினியின் கம்பெனி செய்தது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி அவள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று நீங்கள் அறிவீர்கள்.

"என் பேத்தி செஞ்ச ஆட்டம், எப்படி தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேய் வர்றதுக்கு முன்னாலயே படம் நின்னு நின்னு திக்குதுக்கா. வரப்போகுதுன்னு தெரிஞ்சிடுது. பேய்க்கே அவமானம் லா!"

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஒரு தாளைக் கொடுத்தார். ஆஸ்பத்திரியை வரைபடமாகப் போட்டு, படம் திக்கும் ஏழு இடங்களில் வட்டம். "பட்டறையில இப்படித்தான்கா. குறை இருக்கற இடத்துல சாக்பீஸ்ல வட்டம். யாரு பத்தவச்சதுன்னு எழுத மாட்டோம். பேத்திகிட்ட குடுத்திடுங்க."

நான் கொடுக்கவில்லை. பிள்ளையின் வேலையில் ஏழு ஓட்டையா என்று துணி அலமாரியில் செருகிவிட்டேன். அவர் கேட்டபோது, "அன்னைக்கே குடுத்துட்டேனே" என்றேன்.

இரண்டு மாதத்தில், ஆட்டத்தைச் சரிசெய்யும் 'பேட்ச்' வந்தது. "கையில வச்சு ஆடற மெஷினுக்கு டிவில மாட்டி ஆடற மெஷினோட தெம்பு கிடையாது பாட்டி. பனிமூட்டத்தைக் கொறைச்சோம், நிழலைக் கொறைச்சோம். கதவு திறக்கறதுக்கு முன்னாலயே அடுத்த ரூமை ரெடி பண்ணி வச்சோம்" என்றாள் யாழினி. மற்றவர்கள் அனுப்பிய புகார்களை வைத்துச் செய்தார்களாம்.

கதிரேசனோ தன் தாளால்தான் என்று நம்பினார். "ஆறு இடம் வழுக்கிட்டு ஓடுதுக்கா! பேத்திக்கு தேங்க்ஸ் சொல்லுங்க. கடைசி மாடிப்படில மட்டும் உறைஞ்சு நின்னுடுது. அந்தப் பொண்ணு வெளிய வந்துட்டாளான்னு பாத்திடணும். அவசரமில்ல, அதுக்கும் வேலை இருக்கும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டேன். அடுத்த மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு தாளை யாழினியிடம் நீட்டினேன். ஏழாவது வட்டத்தின் பக்கத்தில், 'டார்ச்சில் பேட்டரி தீர்ந்து, இருட்டில் ஏறும்போது நிற்கிறது' என்று எழுதியிருந்தார். அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"இது எப்ப நிக்குதுன்னு பிடிபடாமத்தான் பாட்டி எங்க டீமே தவிச்சுட்டு இருந்துச்சு. எப்ப குடுத்தாரு?"

சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

போன வாரம் அடுத்த பேட்ச் வந்தது. அந்த மாடிப்படியில் இப்போது எல்லாரும் ஏறிவிடுகிறார்கள். அந்தப் பெண் வெளியே வந்துவிடுகிறாள், தம்பி.

மல்லிகா, இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் வீட்டுக்காரர் என்னிடம் விட்டுப்போனது ஒன்று உண்டு. இப்போது யாராவது என் பேத்தியின் வேலையில் குறை சொன்னால், உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். அன்றைக்கே அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.