பதிமூணாம் நம்பர் மலையும் ஜப்பான் பாட்டும்

நான் தோற்றால் மொட்டை. நண்பன் நெட்டை தோற்றால் அவனுடைய கித்தார் எனக்கு. ஈப்போவில் எங்கள் கல்லூரி கேண்டீனில், பாதி மீ கோரெங் வாயில் இருக்கும்போது, கைகொடுத்து முடிவான பந்தயம் அது.

என் முடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இழப்பு புரியாது. தோளுக்குக் கீழே நாலு விரல். இரண்டு வருட உழைப்பு. நீளமுடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசாங்க கவுண்டர்களில் எழுதிப் போட்டிருந்த காலம். ஒரு தபால்தலை வாங்க, எங்கள் எஸ்டேட் பக்கத்து டவுன் ரிங்லெட்டில் இருக்கும் அத்தனை கிழவிகளுக்கும் வழிவிட்டு நின்றிருக்கிறேன். எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் என் அம்மா, லீவில் நான் வீட்டுக்குள் காலை வைத்ததும் "சாப்ட்டியா" என்று கேட்க மாட்டாள். "வெட்டலையா" என்பாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வீடியோ கேசட். எங்கள் ரசிகர் மன்றத்தில் மொத்தம் மூன்று பேர். நான், நெட்டை, மூன்றாவதாக திரிங்காப் ஊர்க் காய்கறி லோரிக்காரர் மகன். சீனன்தான், ஆனால் எஸ்டேட் பிள்ளைகளோடு வளர்ந்தவன்; தமிழில் எங்களைவிட நன்றாகத் திட்டுவான். அவன் அண்ணன் வேலைப் பயிற்சிக்கு ஜப்பான் போய், அங்கே டிவியில் வந்த ஒரு ராக் குழுவின் பாட்டைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். அந்தக் குழு பேர் வாங்குவதற்கு முன்னால், கையில் காசில்லாமல் எடுத்த முதல் வீடியோ. நாலு பேர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று வாசிக்கிறார்கள். பின்னால் மலை, பனிமூட்டம், ஒரு தகரக் கொட்டகை. அவ்வளவுதான்.

ஜப்பான் கேசட் நம்ம ஊர் வீடியோவில் சரியாக ஓடாது. கலர் வராது. படம் மேலே ஏறிப் போய், கீழேயிருந்து மறுபடி வரும். அதைத்தான் அறுபது தடவை பார்த்தோம், அறுபது தடவை சண்டை போட்டோம். டிரம் அடிப்பது ஆணா பெண்ணா என்று ஒரு வாரம் போனது.

"கித்தாருல ஒயரே இல்ல. எப்படி லா சத்தம் வரும்?" என்றான் நெட்டை.

"ஒயர் செடிக்குள்ள போவுது," என்றேன்.

"அப்ப அந்தக் காத்தாடி?"

அது நல்ல கேள்விதான். செடிகளுக்கு இடையில் உயரமான கம்பங்கள் நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு காத்தாடி. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. "பாடுறவன் முடி பறக்கணும்ல. அதுக்கு வச்சது."

இப்படியே போயிருந்தால் தப்பில்லை. ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல், "இது எங்க எஸ்டேட்டு. பதிமூணாம் நம்பர் மலை," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே நம்பிக்கை வந்தது. அதே வளைவு, அதே மூட்டம். சின்ன வயதில் கேமராவோடு நாலு ஜப்பான்காரர்களை ஒரு வேனில் பார்த்ததாகவும் சேர்த்துக்கொண்டு, பந்தயமும் கட்டினேன். உண்மையில் பார்த்தது ஒரே ஒருவர். பட்டாம்பூச்சி பிடிக்க வந்தவர்.

லீவில் மூன்று பேரும் காய்கறி லோரியில் மலை ஏறினோம். பதிமூணாம் நம்பருக்குப் போனபோது மூட்டம் இறங்கி, மலையின் வளைவைத் தவிர எதுவும் தெரியவில்லை. நெட்டை இடுப்பில் கைவைத்து வளைவை அளந்து பார்த்தான்.

"இருக்கலாம் லா," என்றான் கடைசியில். "வளைவு அதே மாதிரிதான் இருக்கு."

அவன் கித்தாரை எந்த ஆணியில் மாட்டலாம் என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கடைசியாக ஒரு தடவை கேசட்டைப் போட்டுச் சரிபார்த்துவிடலாம் என்று ரிங்லெட்டில் நானா கடைக்குப் போனோம். நானா தமிழ் முஸ்லிம், ஊருக்கே நானா. ரொட்டி சானாய் தின்பவர்கள் எழுந்து போகாமல் இருக்க சண்டைப் படமாக ஓட்டுவார். சண்டையை நிறுத்தி எங்கள் கேசட்டைப் போட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட் சனம் முழுக்க டவுனில் இருக்கும் என்பது என் படித்த மூளைக்கு எட்டவில்லை. பாட்டு பாதி ஓடும்போது அம்மாவும் சின்னம்மாவும் சாமான் பைகளோடு டீ குடிக்க வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள்.

அம்மா டிவியைப் பார்த்தாள். "இது எந்த ஊரு மலை?"

"நம்ம பதிமூணாம் நம்பர்தான்," என்றேன் வேகமாக.

"பதினெட்டு வருஷமா அதுலதான்டா நிக்கிறேன். இதுல எங்க நிக்கிறது? செடியெல்லாம் ஒட்டி ஒட்டிக் கெடக்கு. கூடையோட ஆளு எப்படி உள்ள போவும்?"

"மேல பாருக்கா," என்றாள் சின்னம்மா. "நம்ம செடி மேல கம்ப வச்சா மட்டமா நிக்கணும், இல்லாட்டி கங்காணி வுடமாட்டாரு. இது பன்னி முதுகு மாதிரி உருண்டு கெடக்கு."

"படம் மேல ஏறுதுல்ல சின்னம்மா, அதான் உருண்டையா தெரியுது."

"அப்ப அந்த ஆளு மூஞ்சி ஏன் உருண்டையா இல்ல?"

நெட்டை நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டான். குரலில் ஒரே மரியாதை. "அம்மா, அந்தக் காத்தாடிய கொஞ்சம் பாருங்க. முடி பறக்க வச்சதுன்னு சொல்றான்."

"நாலாள் ஒசரத்துலயா? அங்க வச்சா காக்கா முடிதான் பறக்கும்."

நானா கல்லாவில் குனிந்து சிரித்தார். சீனக் கூட்டாளி நல்லவன் போல அம்மாவிடம் பந்தயத்தை முழுதாகச் சொன்னான். பெற்ற மனம் என்று ஒன்று இருக்குமே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "ஜெயிச்சா எனக்குக் கித்தார்மா."

அம்மா கிளாஸைக் கீழே வைத்தாள். "நானா, இன்னொரு தடவ போடுங்க."

போட்டார். முகத்தை முன்னால் நீட்டி, ஒரு செடி விடாமல் பார்த்தாள். எனக்கு உயிர் வந்தது.

"நல்லா பாத்துட்டேன். சத்தியமா நம்ம மலை இல்ல. முடிவெட்டுற கட தொறந்திருக்கா நானா?"

"இப்பதான் தொறந்தாரு. பக்கத்துலதான்."

மொட்டை அடிக்க ஆறு நிமிடம் ஆனது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பாட்டு மறுபடி ஓடியது. கூட்டாளி கீழே கிடந்த முடியைக் காலால் தள்ளிப் பார்த்து, "கோபிஸ் பாத்திக்குப் போட்டா நல்ல உரம்," என்றான்.

திரும்பி வந்தபோது அம்மாவும் சின்னம்மாவும் இன்னும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடுகிறவனை அவர்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

"இத்தன செடி இருக்கு," என்றாள் சின்னம்மா. "ஒரு பொம்பளையக் காணோம். யாருக்கா எடுக்குறா?"

அதையும் காத்தாடியைப் பற்றியும் கூட்டாளி தன் அண்ணனிடம் கடிதத்தில் கேட்டான். குளிர் காலத்தில் கொழுந்து மேல் உறைபனி படியாமல் இருக்கத்தான் காத்தாடி என்று பதில் வந்தது. கொழுந்தை மெஷின் வெட்டுகிறது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, வரிசைக்கு மேலேயே கொண்டு போவார்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"ரெண்டே பேரா?" என்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்குப் படிப்பு முடிகிற நேரத்தில், ஜப்பான் எழுத்து போட்ட மெஷின் பெட்டிகள் எங்கள் எஸ்டேட்டுக்கே வந்தன. முதலில் இறக்கியது பதிமூணாம் நம்பரில். சரிவு குறைவான மலை அதுதான். அம்மாவையும் சின்னம்மாவையும் மெஷின் ஏற முடியாத செங்குத்து மலைக்கு மாற்றினார்கள். கொஞ்ச மாதத்தில் ஒரு சாயங்காலம் அம்மா கூடையை இறக்கிவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "போய்ப் பாரு. உன் பாட்டுக்காரனுங்க மலை வந்துருச்சு."

போனேன். மெஷின் வெட்டியதில் ஒவ்வொரு வரிசையும் உருண்டு கிடந்தது. அன்றைக்கே நெட்டைக்கு எழுதினேன், பந்தயம் இன்னும் முடியவில்லை, கித்தாரோடு வா என்று.

வந்தான். தோளில் கித்தார் இருந்தது. பதிமூணாம் நம்பரில் நின்று, வளைவையும் கொட்டகையையும் உருண்டை வரிசைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். மெல்லத் தோள்வாரைக் கழற்றினான். நான் கையை நீட்டினேன்.

"எல்லாம் சரி லா," என்றான். "காத்தாடி எங்க?"

வாரைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.