பன்னிரண்டு வீடுகளில் என் துவைக்கும் டிரம்

அறுபதுகளின் நடுவில், பம்பாய் செம்பூரில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தகர டிரம்களும் வாளிகளும் செய்கிற இடம். ஆறு தொழிலாளிகள், வரைபடம் போட நான், எல்லோருக்கும் மேலே முதலாளி சேட். வாளி வியாபாரம் படுத்துவிட்டது. புதிதாக ஏதாவது செய்யாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று சேட் சொல்லிவிட்டார். அப்போது என் மூளையில் உதித்ததுதான் கையால் சுற்றித் துணி துவைக்கும் டிரம். மேலே மூடி, பக்கத்தில் கைப்பிடி, உள்ளே மரத் துடுப்பு, அழுக்குத் தண்ணீரை வெளியேற்ற அடியில் ஒரு குழாய். எனக்குப் பெருமையில் தலை கால் புரியவில்லை.

சோதித்துப் பார்க்க மாதுங்காவிலும் செம்பூரிலும் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்களுக்கு ஆளுக்கொன்று இலவசமாகக் கொடுத்தோம். அதில் ஒன்று மாதுங்காவில் என் வீட்டுக்கே வந்தது. மூன்று மாதம் ஆயிற்று, ஒருவர்கூடத் திருப்பித் தரவில்லை. ஸ்டேஷனிலும் கோயிலிலும் அந்த வீட்டு ஆண்களைப் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பேன். பேஷாக இருக்கிறது என்பார்கள். என் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கண்ணெதிரே அதில்தான் துவைத்தாள். வேறென்ன வேண்டும்? நூறு டிரம் போடலாம் என்று சேட்டிடம் அடித்துச் சொன்னேன். திங்கட்கிழமை தகடு வாங்குவதாக முடிவாயிற்று. கையிலிருப்பதையெல்லாம் இதில் போடுகிறேன், இதுவும் போகாவிட்டால் பட்டறை கிடையாது என்றார் அவர்.

தாராவியிலிருந்து வரும் ஃபிட்டர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் வயதுதான். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக என்னிடம் வந்தார்.

"சார், துணி துவைக்கது பொம்பளைய. நீங்க ஆம்பளையள்ட்டல்லா கேட்டிருக்கீய. ஒரு வீட்டுக்காவது போயிப் பாத்தீயளா?"

எனக்குச் சுருக்கென்றது. நல்ல காரியம் தொடங்கும்போது அபசகுனமாகப் பேசாதீர்கள் என்று கடிந்துகொண்டேன். அவர் போய்விட்டார். பட்டறை மூடினால் முதலில் தெருவில் நிற்கப்போவது அவரும் மற்ற ஐந்து பேரும்தான் என்பது பிறகுதான் உறைத்தது. மறுநாள் அரை நாள் லீவு போட்டு, குழாயில் தண்ணீர் வரும் நேரமாகப் பார்த்துக் கிளம்பினேன்.

முதல் வீட்டில் டிரம்மின் மூடியைத் திறந்தேன். கழுத்து வரை தண்ணீர். கைப்பிடியில் சொம்பு தொங்கியது. துடுப்பைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தார்கள். தண்ணீர் பிடித்து வைக்க இந்த மாதிரி டிரம் கடையில் கிடைக்காது, அடியில் குழாய் வைத்தது ரொம்ப சௌகரியம் என்று அந்த வீட்டு அம்மாள் என்னை மனதாரப் பாராட்டினார். இரண்டாவது வீட்டிலும் தண்ணீர், மூன்றாவதிலும் தண்ணீர். நான்காவது வீட்டில் அரிசி கொட்டி வைத்திருந்தார்கள். ஐந்தாவது வீட்டுக்குப் போகத் தெம்பில்லை. என் வீட்டுக்கே திரும்பினேன்.

குளிக்கவும் துவைக்கவும் சமையலறை மூலையில் இருக்கும் மோரியில் உட்கார்ந்து, என் மனைவி என் வேட்டியைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டிரம் நிறையத் தண்ணீர். சோப்பில் ஊறி அவள் விரல் நுனிகள் வெடித்திருந்தன. என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"ஏன்னா, அதுல அலச மூணு தடவை ரொப்பணும். தண்ணி வரதே ஒரு மணி நேரம். நீங்க ஆசையாப் பண்ணினேள், எப்படிச் சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமைகளில் துடுப்பை மாட்டித் துவைத்ததெல்லாம் எனக்காக. அத்தனை படம் போட்ட நான் ஒரு நாளாவது குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்ததுண்டா?

அன்று மத்தியானமே சேட்டிடம் போனேன். துடுப்பை மாற்றிப் பார்க்கலாம், இன்னும் மூன்று மாதம் கேட்கலாம் என்று வழியெல்லாம் மனம் பேரம் பேசியது. அவர் எதிரில் நின்றதும், தகடு வாங்க வேண்டாம், நான் நினைத்தது தப்பு என்றுதான் சொன்னேன். வீடுகளில் பார்த்ததையும் விவரித்தேன். அவர் ஃபிட்டரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். துடுப்பும் கைப்பிடியும் இல்லாமல் தண்ணீர் டிரம்மாகவே செய்வோம், முதலில் பத்து மட்டும் என்று முடிவாயிற்று. எப்போது நிறுத்துவது என்பதையும் அன்றே பேசினோம். தீபாவளிக்குள் ஐந்து டிரம்மாவது விலை போகாவிட்டால் அதையும் விட்டுவிடுவது. மறந்து போகாமலிருக்க ஃபிட்டர் அதைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தார். நல்லவேளை, ஏழு போயிற்று, மேற்கொண்டும் செய்தோம். ஆறு பேரும் வேலையில் நீடித்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ காரியங்களைத் தொடங்கியிருக்கிறேன், சரிவராதவற்றைப் பாதியில் விட்டும் இருக்கிறேன். விட்டதற்காக ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. ஆனால் என் முகம் வாடக்கூடாது என்று ஒருத்தி மூன்று மாதம் எனக்குத் தெரியாமல் கல்லில் துவைத்தாளே, உண்மையைச் சொல்ல முடியாத ஆளாக நான் இருந்திருக்கிறேனே, அதை நினைத்தால் இன்றும் மனசு கூசுகிறது.