முந்திச் சொன்ன கதை

எங்கள் மரக்காணம் உப்பளத்துப் பெண்களிடம் ஒரு சட்டம் இருந்தது. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை முந்திப் படித்துவிட்டு எவளாவது வாய்விட்டால், மறுநாள் அடுத்தவள் உப்புக்கூடையையும் அவளே சுமக்க வேண்டும். அதற்குப் பயந்தே, எழுத்துத் தெரிந்த ஓரிருவரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

எல்லோருக்கும் படித்துக் காட்டுவது அம்மா. வியாழக்கிழமை இரவு பாண்டிச்சேரி பஸ்ஸில் பத்திரிகை வரும். மறுநாள் வெயில் ஏறி வேலை ஓய்ந்ததும் கொட்டகை நிழலில் கூடுவார்கள். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அம்மாவுக்கு நேர் எதிரில் உட்காருவாள். மாமா உப்பு லாரியில் ஏறி பம்பாய்க்குப் போய் மூன்று வருஷம். ஒரு கடுதாசி இல்லை. கதையிலும் ஒருத்தி, போருக்குப் போன கணவனுக்காகக் காத்திருந்தாள். “வந்துருவான் இல்ல அண்ணி?” என்று அத்தை கேட்பாள். கதையைத்தான் கேட்கிறாள் என்பதுபோல மற்றவர்கள் இருந்துவிடுவார்கள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. மதியமணி அடித்ததும் நானும் கொட்டகைக்கு ஓடிவந்துவிடுவேன். எழுத்துக்கூட்டாமல் படிக்க வந்துவிட்ட திமிர் வேறு. பள்ளிக்கு மட்டம் போட்டதை அத்தை அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். முதுகில் நாலு வாங்கினேன். அந்த ஆத்திரத்தில், கதையை முந்திச் சொல்லி அவளை அழவைப்பதென்று முடிவுகட்டி, அம்மா பாய்க்கடியில் ஒளித்திருந்த பத்திரிகைகளைப் புதிதும் பழையதுமாக எடுத்துப் படித்தேன். கதையில் அந்தக் கணவன் செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அம்மாவோ வாராவாரம் அவனிடமிருந்து கடுதாசி வருவதாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா பத்திரிகையைப் பிரித்ததுமே எழுந்து நின்றேன்.

“பொய். அவன் செத்துட்டான், தந்தி வந்துடுச்சி. அம்மா இல்லாததெல்லாம் படிக்குது.”

அம்மா பத்திரிகையை மடியில் கவிழ்த்தாள். அத்தை அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

“தெரியும் அண்ணி. அன்னிக்கே கடையில நின்னு படிச்சிட்டேன்.”

“பின்ன ஏம்மா இத்தினி வாரமா கேட்டுக்கினு இருந்த?” என்றாள் அம்மா.

“நீங்க படிச்சா உயிரோட இருக்கான் இல்ல.”

மற்ற பெண்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் தண்டனையாக என் தலையில் கூடையை ஏற்றுவார்கள் என்று பயந்துகொண்டே போனேன். யாரும் ஏற்றவில்லை. தப்பித்தோம் என்றிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா அச்சில் இருந்ததை இருந்தபடியே படித்தாள். அத்தை கொட்டகைக்கு வரவில்லை. வரப்பில் வெயிலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று வரிவரியாகச் சரிபார்த்தேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. எனக்கு அன்று ஒரே பெருமை.