இடக்கைக்கு ஒரு நிப்பு

ஒன்பது வயதுப் பிள்ளை ஏன் மைப்பேனாவால்தான் எழுத வேண்டும்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. கையெழுத்து அழகாகும் என்றார் வகுப்பாசிரியை. என் மகள் இடக்கைக்காரி. நிப்பு தாளைக் கிழிக்கும், எழுதிய வரியிலேயே கை பட்டு மை அப்பும். "திங்கக்கிழமைக்குள்ள இது சரியாகலன்னா வலது கையாலதான் எழுத வைப்பேன்" என்றார். "சரிங்க டீச்சர்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மாத்தளையில் ஒரு புத்தகக்கடையில் நிப்பை அவரவர் கைக்கேற்ப உரசித் தருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை காலை 7.20க்கு எல்கடுவையில் பஸ் ஏறினோம். சுமார் பதினைந்து கிலோமீற்றர்தான், வளைவுகளால் ஒரு மணி நேரம். எனக்கு நூறு ரூபா, மகளுக்கு அரை டிக்கெட். மகள் இடக்கையால் டிக்கெட்டை வாங்கியதைப் பார்த்த பக்கத்து இருக்கை அக்கா, "பீச்சக்கையா? சின்னதுலயே ரெண்டு போட்டுத் திருத்தியிருக்கணும்" என்றார்.

"டாக்டர் அப்படிச் செய்யக் கூடாதுன்னாரு, அக்கா" என்றேன். எந்த டாக்டரையும் நான் கேட்டதில்லை.

8.30க்குக் கடையில் நின்றோம். முத்துமாரியம்மன் கோயிலிலிருந்து ஐந்து நிமிட நடை. நிப்பு உரச எண்ணூறு ரூபா. கடைக்கார முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், கேள்வி எதுவும் கேட்பதில்லை. பெயரை மூன்று முறை எழுதச் சொல்லி, கை சாயும் விதத்தைப் பார்த்தே உரசுவாராம். அதனால் நானும் எதுவும் சொல்லவில்லை. அவர் பேனாவை நீட்டியதும் மகள் இடக்கையை நீட்டினாள். "பெரியவங்க குடுத்தா வலது கையால வாங்கணும்" என்றேன். பிறகு நோட்டுக் கொப்பி அடுக்கின் பக்கம் திரும்பிவிட்டேன்.

கால் மணி நேரத்தில் பேனா வந்தது. மகள் இடக்கையால் ஒரு கோடு இழுத்தாள். தாள் கிழிந்தது.

"நானா, இவ இடது கைங்க."

"வலது கையாலதானே எழுதிச்சு, தங்கச்சி? மெதுவா எழுதவும், சின்னப் புள்ளதானேன்னு நெனச்சேன்."

"திருப்பிச் சரிபண்ண முடியாதுங்களா?"

"உரசின இரும்ப ஒட்ட ஏலுமா? புது நிப்பு வர ரெண்டு கிழமையாகும். அதுவரைக்கும் வலது கைக்கே பழகட்டுமே, நல்லதுதானே."

"அத முடிவு பண்ண நீங்க யாரு?"

கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகள் என் சேலையைப் பிடித்து, "நீங்கதானேம்மா வலது கைன்னு சொன்னீங்க" என்றாள்.

அடுத்த பஸ் 11.10க்குத்தான்; அதில் திரும்பினோம். ஏற்றத்தில் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. தேயிலையில் கொழுந்து எடுப்பவர்களின் இரு கைகளும் ஒன்றுபோலப் பறந்தன. எது வலது, எது இடது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மகள் வலக்கையால் முழங்காலில் தன் பெயரை விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "பழகிக்கிறேன்மா, டீச்சர் ஏச மாட்டாங்க" என்றாள். டீச்சரிடம் கேட்டிருக்க வேண்டியதை, பாவம், அந்த நானாவிடம் கேட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை, காய்ச்சல் என்று சொல்லி அவளை வீட்டில் வைத்துக்கொண்டேன். எத்தனை நாளுக்கு இதையே சொல்ல முடியும்? இடக்கைப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் எனக்கு எழுதுங்கள். அந்த ஆசிரியை முன்னால் போய் நின்று நான் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் எது? மரியாதை கெடாமல் இருந்தால் நல்லது. கெட்டாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.