வண்டிக்கு வந்த பூரி

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் சாரல் காட்ட என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். கூட்டிப்போனார் என்றால், வில்வண்டியில் ஏற்றிப்போய் வண்டியிலேயே வைத்திருந்தார். அருவியில் குளிக்க மட்டும் இறங்கலாம். குளித்துவிட்டு வந்தால் வரும் பசி இருக்கிறதே, கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

கடைவீதியில் ஒரு காபி கிளப் இருந்தது. பிராமணர்களுக்கு ஒரு பக்கம், மற்ற சாதி ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு வண்டி. வாசலையே மிதிக்க விடாமல் நிறுத்தப்பட்ட சனமும் உண்டு. அவர்கள் கோபத்துக்கு முன்னால் என் கோபம் சின்னதுதான். அதற்காக நான் சொல்லாமல் இருக்கப்போவதில்லை.

அவர் உள்ளே உட்கார்ந்து நிதானமாகத் தின்றுவிட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு, எனக்கு ஒரு இலைப்பொட்டலம் கொண்டுவருவார். பிரித்தால் பூரியும் கிழங்கும். பூரி ஈரத்துணி மாதிரி மடிந்து, எண்ணெய் கசிந்து கிடக்கும். மாட்டுச் சாணி வாசத்தில் உட்கார்ந்து தின்பேன். அப்படியும் ருசியாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

வருஷா வருஷம் சாரல் வந்தது, பொட்டலமும் வந்தது. அவரோ ஊர் ஊராகத் தின்றார். கொல்லம் ரயிலில் போய் மீன் கறி தின்றார். செங்கோட்டை தாண்டி மலையாளத்துப் பக்கம் போய் மரச்சீனிக் கிழங்கும் கள்ளுமாக இருந்துவிட்டு வருவார். கள்ளின் ருசி எனக்கு அவர் மூச்சில்தான் தெரியும். தின்றதையெல்லாம் வந்து ஒன்றுவிடாமல் சொல்லுவார். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

உலகச் சண்டைக் காலத்தில் அரிசி கிடைக்காமல் ரேஷனில் கோதுமை போட்டார்கள். நெல்லைத் தவிர வேறு தெரியாத எங்கள் வடகரையில் அதைச் சோறுபோல் வேகவைத்துத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. நான் திருகையில் அரைத்துச் சலித்து, பூரி சுட்டேன்.

எண்ணெயில் போட்டதும் அது பொம்மென்று உப்பியது. எனக்குத் திக்கென்றது. மாவில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அதிரசத்தை எடுத்து எண்ணெய் போக அமுக்குவோமே, அதுபோல இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து அமுக்கினேன். பிறகு வாழையிலையில் சுற்றி வைத்தேன். பொட்டலத்தில் வருகிற பூரி மாதிரியே ஆகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, வந்திருந்த விருந்தாட்களிடம் சொன்னார்: “கிளப்புப் பூரி மாதிரி வரல. இவ சுட்டது செருப்புத் தைக்க ஆவும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன், ரவை கலந்து பார்த்தேன், மணிக்கட்டு வீங்கப் பிசைந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் செருப்புதான்.

அடுத்த சாரலுக்குப் போனபோது கிளப்பில் பெண்களோடு வருகிறவர்களுக்கென்று ஒரு மூலையைத் தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். மெட்ராஸிலிருந்து காரில் வந்த ஒரு அம்மாள் இறங்கி நேராக உள்ளே போனாள். நானும் வண்டியிலிருந்து குதித்தேன்.

“ஏட்டி, எங்க போற? நம்ம ஆளுவ பாத்தா என்ன நெனைப்பாவ?” என்று பின்னாலேயே ஓடிவந்தார்.

“பசிக்கின்னு நெனைப்பாவ” என்றேன்.

தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவர் எதிரே உட்கார்ந்தார், தனக்குத் தின்ன எதுவும் கொண்டுவரச் சொல்லவில்லை. எனக்குப் பூரி வந்தது. இரண்டும் பந்தாக உப்பியிருந்தன. விரலால் தொட்டேன். உடைந்து ஆவி வந்து சுட்டது.

“இது எப்பவும் இப்பிடித்தான் இருக்குமா?” என்று அவரிடம் கேட்டேன்.

“பின்ன? பூரின்னா உப்பத்தான செய்யும்.”

“நான் சுட்டதும் உப்பிச்சு. நான்தான் அமுக்குனேன்.”

அவருக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. “அமுக்குனியா? எதுக்குட்டி?”

“நீங்க கொண்டாந்தது அப்பிடித்தான இருந்துச்சு!”

“இலையில கட்டுனா அமுங்காதா? இதுகூடத் தெரியாதா ஒனக்கு?”

“எப்பிடித் தெரியும்? வண்டியில இருந்தவளுக்கு எப்பிடித் தெரியும், சொல்லுங்க!”

தட்டிக்கு மேலே தலைகள் எட்டிப் பார்த்தன. “மெதுவாப் பேசு” என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

நான் இரண்டையும் சுடச்சுடத் தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆத்திரத்தில்தான். பிறகு சர்வரைக் கூப்பிட்டு, ஒரு செட் இலையில் கட்டச் சொன்னேன்.

“யாருக்கு?” என்றார் அவர்.

“ஒங்களுக்கு. வண்டியில வச்சுத் தின்னுங்க.”

வடகரை வரும்வரை பொட்டலம் அவர் மடியில் கிடந்தது. ஊர் எல்லையில் பசி தாங்காமல் பிரித்து ஒரு வாய் தின்றார். முகத்தைச் சுளித்தார்.

“நல்லால்ல” என்றார்.

“இதத்தான் இத்தன வருசமா எனக்குக் குடுத்திய” என்றேன்.