பாலைவனத்துக்குப் பரமன்கேணி வழியாக

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு அணுபுரத்தை விட்டுக் கிளம்பினோம். போகவேண்டிய இடம் குஜராத்தின் கட்ச் உப்புப் பாலைவனம். ஆனால் அன்றைக்குப் போவதாக இருந்தது செய்யூர் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் பரமன்கேணி வரைக்கும்தான். இது ஒத்திகை.

பெரிய பயணம் பொங்கல் கழிந்த மறுநாள் தொடங்குவதாகத் திட்டம். அறுபது நாள், ஏறக்குறைய ஏழாயிரம் கிலோமீட்டர். கட்ச், ஜெய்சல்மேர் மணல்மேடுகள், பிறகு கொங்கண் கரையோரமாக இறங்கி ஆகும்பே, வயநாடு மழைக்காடுகள். இதற்காக ஒரு பழைய பள்ளி வேனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, கை கழுவும் தொட்டி, நூற்றிருபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து கேரவனாக மாற்றியிருந்தேன். பக்கத்து அணு நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பட்டியல் போடாமல் பல்கூடத் துலக்கத் தெரியாது. இந்தப் பயணத்துக்கு நான் போட்ட பட்டியல் நாற்பத்திரண்டு பக்கம். அதில் விடை எழுதப்படாமல் கிடந்த ஒரே கேள்வி, என் மனைவி விஜயா வருகிறாளா இல்லையா என்பது.

விஜயா மதுராந்தகத்துக்காரி. செங்கல்பட்டில் பள்ளி ஆசிரியையாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றாள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"ரெண்டு பகல், ஒரு ராத்திரி வண்டியிலேயே இருந்து பார்ப்போம். கடையில தண்ணி வாங்கக் கூடாது, யார் வீட்டுக்கும் போகக் கூடாது, தெருக்குழாய் கூடாது. தொட்டித் தண்ணிய வச்சு ஓட்டணும். முடிஞ்சா நானும் வரேன். முடியலன்னா நீங்க உங்க நாப்பத்திரண்டு பக்கத்தக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் புனேவுல மக வீட்டுக்குப் போயிடுறேன்."

அவள் வராவிட்டால் நானும் போகப் போவதில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாவம் பார்த்து வந்துவிடுவாள். அப்படி அவள் வருவது எனக்கு வேண்டாம்.

திருக்கழுக்குன்றம் வழியாக இருபத்துமூன்று கிலோமீட்டர் ஓட்டி, ஏழு மணிக்குச் செங்கல்பட்டு. புறவழிச்சாலை ஓரத்தில்தான் லோகுவின் பட்டறை. வேனைக் கேரவனாக்கியது அவர்தான். சக்கரங்களுக்குக் காற்றுப் பார்த்துவிட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னா சார், பின்னாடி லேசா கீதே. தொட்டி ரொப்பிட்டியா?"

"ரொப்பியாச்சு லோகு. இதோ பாருங்க, கையெழுத்தே இருக்கு." பட்டியலின் ஏழாம் பக்கத்தைக் காட்டினேன். 'தண்ணீர்த் தொட்டி' என்ற வரிக்கு எதிரே விஜயாவின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"பேப்பர்ல ரொம்பினா வண்டியில ரொம்பிடுமா? அளவு காட்ற முள்ளு அடுத்த வாரம் வந்துரும், மாட்டிக் குடுக்கறேன். அதுவரிக்கும் குச்சி வுட்டுப் பாத்துக்க."

குச்சி விட்டுப் பார்ப்பதாம். முப்பத்தோரு வருஷம் நிலையத்தில் இப்படிக் கையெழுத்தை நம்பி எவ்வளவு பெரிய குழாய்களைத் திறந்து மூடியிருக்கிறேன் என்று அவருக்கு எங்கே தெரியும். தேநீர் பதினைந்து ரூபாய், இரண்டு குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

எட்டே முக்காலுக்கு மதுராந்தகம் ஏரிக்கரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கிடந்தது. இது எங்கள் மழைக்காட்டு ஒத்திகை. ஈரம், கொசு, கூரை ஒழுகல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும் என்று பன்னிரண்டாம் பக்கம் சொல்லியது. பத்தரை மணிக்கு நான் ஏற்பாடு செய்ததுபோலவே ஒரு தூறல் வந்தது. கூரை ஒழுகவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டேன். விஜயா என்னைப் பார்க்காமல், தான் படித்த காலத்தில் சைக்கிளில் போன கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரை. கை கழுவ ஏரித் தண்ணீர் இருந்தது. குடிக்க வீட்டிலிருந்து எடுத்துவந்த இரண்டு பாட்டில்களில் ஒன்று தீர்ந்தது. வண்டியின் குழாயைத் திறக்கும் வேலையே வரவில்லை.

செய்யூர் சாலையில் நாற்பது கிலோமீட்டர். நாலு நாற்பதுக்குப் பரமன்கேணி கடற்கரையை ஒட்டிய சவுக்குத் தோப்பின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். ஒருபக்கம் மணல், மறுபக்கம் சவுக்கு, ஆளரவம் இல்லை. கட்ச் இப்படித்தான் இருக்கும் என்று நான் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது விஜயா காபிக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்தாள். உஸ் என்று காற்று வந்தது. அவ்வளவுதான்.

பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். தொட்டியில் நீர் நிரப்பும் வால்வு மூடியிருந்தது. அதன் கழுத்தில் சிவப்பு அட்டை ஒன்று தொங்கியது. 'மூடப்பட்டுள்ளது. தொடாதே.' கீழே என் கையெழுத்து மட்டும், காரணம் எழுதவில்லை.

அந்தச் சிவப்பு அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிலையத்தில் பழுது பார்க்க எதை மூடினாலும் அதில் சிவப்பு அட்டை மாட்டி, பெயரும் காரணமும் எழுதுவோம். எழுதியவர் வந்து கழற்றும்வரை பெரிய அதிகாரியே வந்தாலும் தொடக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட வழக்கம். அதை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஷாக் அடித்த இஸ்திரிப் பெட்டி, ஒழுகும் குழாய் எல்லாவற்றிலும் சிவப்பு அட்டை தொங்கும். என் மகள் ஏழு வயதில் தன் பங்கு ஐஸ்கிரீமில் அட்டை மாட்டிவைத்தாள், நான் மூன்று நாள் அதைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் ஒருமுறைகூட அட்டை எழுதாத ஆள் விஜயா ஒருத்திதான்.

முந்தின வாரம் தொட்டியைக் கழுவி உலர வைத்தபோது நான் மாட்டியது அது. கழற்ற மறந்துபோனேன்.

"காலையில நிரப்பப் போனேன். அட்டை தொங்குச்சு," என்றாள் விஜயா. "நீங்களே நிரப்பி மூடி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டேன். பக்கத்துலயே எழுதியும் இருக்கேன், பாருங்க."

பார்த்தேன். குறிப்பு என்ற கட்டத்தில் 'சிவப்பு அட்டை உள்ளது' என்று எழுதியிருந்தாள். அந்தக் கட்டத்தை உண்டாக்கியவன் நான். அதைப் படிக்காதவனும் நான்.

"என்னைக் கேட்டிருக்கலாமே?" என்றேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கேக்கறதா? இதுல என்னைக் கேட்டு நீங்க எழுதினது ஒரு வரி இருக்கா? எங்க தூங்கணும், எத்தனை மணிக்கு எழுந்துக்கணும், எவ்வளவு தண்ணில குளிக்கணும், எல்லாமே உங்க கையெழுத்து. அறுபது நாளும் நான் அட்டையப் பாத்துப் பாத்து நடக்கணுமா?"

அவள் வரத் தயங்குவது பாலைவனத்துக்குப் பயந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் எல்லாம் என் பட்டியலைப் பார்த்துத்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

இரண்டு பிளாஸ்டிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் நடந்தேன்.

"நிபந்தனை?" என்றாள் பின்னாலிருந்து. "கட்ச்ல எந்த வீட்டுக் கதவைத் தட்டுவீங்க?"

திரும்பி வந்தேன். முடிந்தது கதை, வேனை விற்றுவிட வேண்டியதுதான் என்று மணலில் உட்கார்ந்தேன். அப்போது கூடையுடன் கரையோரமாக வந்த மீன்கார அம்மா வண்டியைப் பார்த்து நின்றார். கன்னியம்மா என்று பெயர் சொன்னார். ஐம்பது வயது இருக்கும். கேட்காமலே உள்ளே தலையை நீட்டினார்.

"யம்மா, இன்னா வண்டி இது? உள்ள வூடே கீதே! அண்ணாத்த இன்னாத்துக்குக் கேனைக் கட்டிப் புடிச்சிகினு குந்தியிருக்காரு?"

விஜயா சொன்னாள். கன்னியம்மா சிரித்த சிரிப்பில் கூடை ஆடியது.

"காலடியில தண்ணிய வச்சிகினு இதுக்கா பேஜாராவுறீங்க? கடலாண்ட தோண்டாதே, உப்பு. இந்தாண்ட, சவுக்குப் பக்கமா தோண்டு. ஆளு இடுப்பளவு போனா ஊத்து வரும். ரொம்ப ஆழம் போவாத, உப்புத் தண்ணி ஏறிக்கும்."

விஜயா என்னைப் பார்த்தாள். "நிபந்தனையில கடை கூடாது, வீடு கூடாது, குழாய் கூடாதுன்னுதான் இருக்கு. மண்ணைத் தோண்டக் கூடாதுன்னு இல்ல."

"பத்தொன்பதாம் பக்கத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"மண்வெட்டி எங்க?"

பாலைவனத்தில் சக்கரம் புதைந்தால் எடுக்க வாங்கிய மண்வெட்டி அது, வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று பத்தொன்பதாம் பக்கம். வாயை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். புடவையைச் செருகிக்கொண்டு அவளே இடம் பார்த்தாள், அவளே வெட்டத் தொடங்கினாள். பிறகு மாறி மாறி வெட்டினோம். முக்கால் மணி நேரத்தில் குழியின் அடியில் மணல் கறுத்து, கலங்கலாக நீர் ஊறியது. தெளிய விட்டு ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள். "உப்பு இல்லீங்க!" என்று கத்தினாள். பள்ளியில் பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் அது. அந்த முகத்தைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று எண்ணிப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

என் வேட்டியில் வடிகட்டி, கொதிக்க வைத்து, காபி போட்டோம். லேசாகச் சவுக்கு வாடை அடித்தது. கன்னியம்மாவுக்கும் ஒரு டம்ளர். ஒரு கூறு நெத்திலி நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, காபிக்காக இன்னொரு கை அள்ளிப் போட்டார்.

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குக் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனோம். கல்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் சாலை வந்தது. குளியலறை, மின்விசிறி, மெத்தை எல்லாம் அந்தப் பக்கம். விஜயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நேரா போங்க," என்றாள்.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். கற்சிற்பப் பட்டறைகளின் உளிச்சத்தம் விடாமல் கேட்டது. சுற்றுலாப் பேருந்துகளிலிருந்து கூட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் கோயில் பக்கம் போகவில்லை. படுக்கையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, என் நாற்பத்திரண்டு பக்கத்தையும் பென்சிலால் திருத்த ஆரம்பித்தாள். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை. ஜெய்சல்மேருக்கு இரண்டு நாள் குறைந்தது. வயநாட்டுக்கு ஒரு வாரம் கூடியது. காலை நாலரைக்கு எழுவது என்ற வரி முழுதாக அடிபட்டது. பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்துக் கிழித்தே விட்டாள். கிழிந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"அப்போ வர்ற?" என்று மெல்லக் கேட்டேன்.

"வீட்டுக்குப் போயிச் சொல்றேன்."

மாலை ஆறு மணிக்கு அணுபுரம். வண்டியின் மீட்டரில் மொத்தம் நூற்று அறுபத்தொரு கிலோமீட்டர். விஜயா குளித்துவிட்டுப் பேசாமல் படுத்துவிட்டாள். ஏழாயிரம் கிலோமீட்டரை நினைத்துக்கொண்டு நானும் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து காபி போடச் சமையலறைக்குப் போனேன். எரிவாயு உருளையின் கழுத்தில் சிவப்பு அட்டை ஒன்று தொங்கியது. முத்து முத்தான கையெழுத்து. 'மூடப்பட்டுள்ளது. தொடாதே. காரணம்: வீட்டில் ஆள் இல்லை. இன்று முதல் வயநாடு முடியும்வரை. விஜயா.'

வாசலுக்கு ஓடினேன். வேனின் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"பொங்கலுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கே விஜயா!"

"இருக்கட்டும். இங்கயே சமைச்சுப் பார்த்தாத்தான் இன்னும் என்னென்ன மறந்திருக்கீங்கன்னு தெரியும். காபி வேணும்னா டம்ளர எடுத்துக்கிட்டு வாங்க."

திரும்பிப் போய் இன்னொரு தடவை அந்த அட்டையைப் படித்தேன். எழுதியவர்தான் கழற்ற வேண்டும், நான் தொட முடியாது. இரண்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தேன்.