ஒரு சொவப்பு மட்டும் நின்னுச்சி

சபையாருக்கு தோத்திரமுங்க. போன தை மாசம், வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டு நடந்துகினு இருந்த நேரம், எங்க வூட்டுல இடி விழுந்துச்சி. எம் பொண்டாட்டி எஸ்தருக்கு மாருல கட்டி. குளிக்கறப்ப கைக்கு தட்டியிருக்குது. யாருகிட்டயும் சொல்லல. என்கிட்டயே சொல்லல. எம் பொண்ணு கிரேசிதான் எப்பிடியோ கண்டுபுடிச்சி அழுதுகினு வந்தா.

கள்ளக்குறிச்சியில பாத்தாங்க. ஊசி போட்டு சத எடுத்து, கேன்சருதான்னு சொல்லிட்டாங்க. அது எவ்ளோ தூரம் பரவியிருக்குதுன்னு தெரியணும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுங்கன்னாங்க. உளுந்தூர்பேட்டையில பஸ்ஸு மாறினோம். எஸ்தரு ஜன்னலோரம் ஒக்காந்துகினு சொல்றா, "இந்தாய்யா, ஒரு எடத்துல இருந்தா வெட்டி எடுக்கட்டும். ரெண்டு பக்கமும் பரவிட்டிருந்தா கத்தி வெக்க வுட மாட்டேன். என்ன வூட்டுக்கு இட்டுக்கினு போயிடணும்."

எனுக்கு படிப்பு கெடையாது, கைநாட்டு. ஜெபம் ஒண்ணுதான் தெரியும், அதுவும் சத்தமாதான். ஏன்னு கேளுங்க. வயசுல கல்வராயன் மலைக்கு கடுக்கா மூட்ட தூக்கப் போவேன். ஒருவாட்டி கரடி எதுக்க வந்து நின்னுச்சி. நான் ஆண்டவரேன்னு போட்ட சத்தத்துல அது திரும்பி ஓடிப்போச்சி. அதுலருந்து சத்தம் போட்டாதான் மேல கேக்கும்னு எனுக்கு ஒரு நெனப்பு. பாஸ்டரு சிரிக்கிறாரு பாருங்க.

அதனால ஸ்கேன் ரூமு வாசல்ல எஸ்தருகிட்ட சொன்னேன், "உள்ள போனா வாய மூடாத. நல்லா ஜெபம் பண்ணு."

குப்புற படுக்க வெச்சி, நரம்புல மருந்து ஏத்தி எடுப்பாங்களாம். போரு மோட்டாரு மாதிரி ஒரே சத்தம். உள்ள இவ நான் சொன்ன மாதிரியே ஒடம்பு குலுங்க ஜெபம் பண்ணியிருக்கா.

அப்புறம் டாக்டரம்மா எங்கள கூப்புட்டு கம்ப்யூட்டருல படத்த காட்டுனாங்க. ஐயோ, எங்க பாத்தாலும் சொவப்பு! களத்துல மொளகா காயப்போட்ட மாதிரி. ரெண்டு பக்கமும். எஸ்தரு முந்தானைய இழுத்து போத்திக்கினு, "பொறப்படு, பஸ்ஸுக்கு நேரமாவுது"ன்னா.

"அம்மா, ஒக்காருங்க. இத வெச்சி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்"னாங்க டாக்டரம்மா. "மருந்து ஏத்தறதுக்கு முன்ன எடுத்த படத்தயும் பின்ன எடுத்த படத்தயும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சி கம்ப்யூட்டரு பாக்குது. மருந்து வேகமா ஏறுற எடத்துல சொவப்பு வெக்கும். நீங்க அசஞ்சதால படம் ஒண்ணோட ஒண்ணு சேரல. அது கண்ட எடத்துல வெச்சிடுச்சி. இங்க கொஞ்சம் பாருன்னுதான் அது காட்டும். நோயா இல்லியான்னு நாங்கதான் பாக்கணும். அடுத்த வாரம் வாங்க, திரும்ப எடுக்கலாம். அசையவே கூடாது."

அந்த ஒரு வாரம் கண்ண மூடுனா சொவப்பு. எங்க கல்யாண போட்டோ ஞாபகம் வந்துச்சி. ஸ்டூடியோக்காரரு அசையாதீங்கன்னு சொல்லியும் இவ சிரிச்சிட்டா, அதுல இவ மூஞ்சி மட்டும் கலஞ்சி இருக்கும். இவளுக்கு அன்னிக்கே சும்மா இருக்க வராது. எல்லாம் அசஞ்சதால வந்ததா, இல்ல நெசமாவே பரவியிருக்குதா?

மறுவாரம் அதே வாசல். "உள்ள வாய தொறக்காத. உனுக்கும் சேத்து நான் பண்றேன்"னேன்.

"நாப்பது வருசமா நீ வாய மூடுன்னு சொல்லி நான் மூடல. கடசியில ஒரு மிசினு வந்து மூட வெக்குது பாரு"ன்னு சிரிச்சிக்கினே போனா.

நான் வெளிய பெஞ்சில ஒக்காந்தேன். சத்தம் போட முடியாது, ஆஸ்பத்திரி. ஆண்டவரே, ஒரு சொவப்பும் இருக்கக் கூடாதுன்னு கேக்கப் பாத்தேன். வாயில வரல. அவ உள்ள அசையாம படுத்திருக்கிறா, நானும் அசையாம இருக்கணும்னு தோணுச்சி. கைய ரெண்டு தொடைக்கு நடுவுல இறுக்கி வெச்சிக்கினேன். "நீரே பாத்துக்கோங்க." அவ்ளோதான் என் ஜெபம்.

டாக்டரம்மா திரும்ப படத்த காட்டுனாங்க. மொளகா எல்லாம் காணோம். ஒண்ணே ஒண்ணு நின்னுச்சி, அவ கைக்கு தட்டுன அதே எடத்துல. "இது மட்டுந்தான். வேற எங்கயும் இல்ல"ன்னாங்க. எஸ்தரு என்ன பாத்தா. "சரி, வெட்டச் சொல்லு"ன்னா.

அத மட்டும் எடுத்தாங்க. கரண்டு வெச்சாங்க, ரேடியேசன்னு சொல்றாங்களே, அது. இப்ப மாத்திர சாப்புட்டுக்கினு, அதோ பொம்பளைங்க பக்கம் மூணாவது வரிசையில ஒக்காந்திருக்கா. நான் கேக்க நெனச்சத ஆண்டவரு குடுக்கல. அந்த ஒரு சொவப்பயும் அழிச்சிருந்தா, ஒண்ணுமில்லன்னு நம்பி நாங்க கட்டியோடவே வூட்டுக்கு வந்திருப்போம். அவரு அத நிக்க வெச்சி காட்டுனாரு. அதுக்குத்தான் கோடி தோத்திரம்.

அம்மாங்களே, கட்டி தட்டுனா மறைக்காதீங்க. ஜெபமும் பண்ணுங்க, ஆஸ்பத்திரிக்கும் போங்க. பயத்துல கத்துனா மட்டுமில்ல, வாயடச்சி ஒக்காந்தாலும் அவருக்கு கேக்குது. இப்ப நான் சத்தமா ஜெபிப்பேன்னு எல்லாரும் காத்துக்கினு இருக்கீங்க. இல்லிங்க. கொஞ்ச நேரம் என்கூட அசையாம ஒக்காருங்க.

எஸ்தரு, நீயுந்தான்.